மூணாவது கோடு

மார்ச் 2

சிட்டுவுக்குப் பெரியம்மா எழுதுறது.

போன் பண்ணினா நீ எடுக்க மாட்டேங்கிற. எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதான் காகிதத்துல எழுதுறேன். இதை நீ பாதியில கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறதா இருந்தா படிச்சுட்டுக் கிழி. நான் அஞ்சாவதோட நின்னவ. என் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு சின்னதுல நீ சொல்லிச் சிரிப்ப. இப்பவும் அதே எறும்புதான்.

நீ ஊருக்குத் திரும்பிப் பதினஞ்சு நாளாச்சு. அஞ்சு நாள் இங்க இருந்த. என் வீட்டுப் படி ஒரு தடவையும் ஏறல, லாட்ஜுல தங்கின. உங்கம்மாவைக் கொண்டுபோன அன்னைக்கு நான் கையை நீட்டினேன். நீ கைப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்ட. கூட்டத்துல யாரும் பார்க்கல. நான் பார்த்தேன்.

இங்க எல்லாம் அப்படியே இருக்கு. ஃப்ரிட்ஜுல உங்கம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்த ஐஸ் பை ரெண்டு இருக்கு. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கையில படுது. வாய் அகலமாத் திறக்கக் கூடாதுன்னு ஸ்ட்ரா வாங்கினோம், ஒரு பாக்கெட். நாலுதான் செலவாச்சு. கட்டில்ல தலைப்பக்கம் மூணு தலையணை ஏத்தி அடுக்கி வச்சிருந்தேன், படுத்தா வீக்கம் கூடும்னு. அந்தத் தலையணையை எடுக்கல. அதுல அவ தலை அழுந்தின பள்ளம் இருக்கு. நான் நாற்காலியில தூங்குறேன்.

தையல் மிஷினைத் திறக்கல. கீழ சாவி வெட்டுறவர் மட்டும் தினமும் மேல பார்த்து, "மிஷின் சத்தமே இல்லையே, நான் மட்டும் தனியாக் கத்திக்கிட்டு இருக்கேன்" அப்படிங்கிறார். அன்னைக்கு நாற்காலியோட உங்கம்மாவைத் தூக்கிப் படி இறக்கினவர் அவர்தான். ஆம்புலன்ஸ் நாற்காலி வர்ற வரைக்கும் காத்திருக்கல. அது உனக்குத் தெரியாதுல்ல, அதான் எழுதினேன்.

மிஷின் மேல அவளோட சட்டை கிடக்கு. வெள்ளரிப்பிஞ்சு நிறம். அவளே கடையில போய் எடுத்த துணி. வாழ்க்கையில முதல் தடவையா காலர் வேண்டாம், வட்டக் கழுத்து வை அப்படின்னா. உடம்பு, கை எல்லாம் தைச்சு முடிச்சுட்டேன். கழுத்து மட்டும் வெட்டல. வீக்கம் வடிஞ்சப்புறம் அளவெடுத்து வெட்டலாம்னு விட்டு வச்சேன்.

நீ சாப்பிடுறியா, தூங்குறியா, அதைக் கூடக் கேட்க எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. கேட்டுட்டேன்.

பெரியம்மா

*

மார்ச் 14

பெரியம்மா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இடித்த காரின் போட்டோ வரும். எந்தப் பக்கம் அடி, எது முன்னாடியே இருந்த கீறல், தப்பு யார் மேல், எல்லாம் அந்தப் போட்டோவை வைத்துத்தான் முடிவு செய்வேன். அழுதுகொண்டே போன் செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதை வைத்து நாங்கள் எதையும் எழுத மாட்டோம். அம்மா விஷயத்திலும் அப்படித்தான் செய்யப்போகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நீங்கள் அனுப்பிய போட்டோ மூன்று என்னிடம் இருக்கிறது. செவ்வாய் மதியம் ஒன்று, செவ்வாய் சாயங்காலம் ஒன்று, புதன் மதியம் ஒன்று. தாடைக்குக் கீழே வலது பக்கம் நீலம். அதைச் சுற்றிப் பேனாக் கோடு. மூன்றிலும் நீலம் கோட்டுக்குள்தான் இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் கூப்பிடுங்கள் என்று அந்த நர்ஸ் சொன்னாள் என்று நீங்களே அன்றைக்கு என்னிடம் சொன்னீர்கள். தாண்டவே இல்லை. அம்மா இல்லை. அப்படியென்றால் அவள் சொல்லிக் கொடுத்ததே தப்பு. அதை எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "நர்ஸ் சொன்னபடியே கோட்டை வைத்துக் கவனித்தேன். நீலம் ஒரு தடவையும் கோட்டைத் தாண்டவில்லை." இவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து என்ன நடந்தது என்று மணி வாரியாகவும் எழுதுங்கள்.

லாட்ஜில் ஏன் தங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் அம்மாவின் காலர் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். நாலு வருஷமாக அரை இஞ்ச், அரை இஞ்ச் என்று ஏற்றி ஏற்றித் தைத்துக் கொடுத்தீர்களே. உன் கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை, போடி என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் மறைக்க மறைக்கத்தான் அது மறைக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது அவளுக்கு.

சாப்பிடுகிறேன்.

*

மார்ச் 27

சிட்டுவுக்கு,

நீ வார்த்தைக்கு வார்த்தை சுத்தமா எழுதியிருந்த. ஆபீசுல இருந்து வந்த கடிதாசியோன்னு நினைச்சுட்டேன். அடியில பேர் கூடப் போடல.

காலர் விஷயம் சொன்ன. சொல்லலாம். ஆனா நீ தூரத்துல இருந்த. உடம்புக்கு வந்து அவ பாதியா இளைச்சப்புறம் தாடைக்கு அடியில தோல் பை மாதிரி தொங்கிப்போச்சு. மத்தவளா இருந்தா காலையில ஒரு தடவை கண்ணாடி பார்த்துட்டு மறந்திருப்பா. அவ வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில. சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி. வர்றவங்களுக்கு ஃப்ரேம் மாட்டி விடும்போதெல்லாம் பின்னாடி அவ கழுத்தும் தெரியும். ஒரு நாள் யாரோட மடியிலயோ இருந்த கைக்குழந்தை அந்தத் தோலைப் பிடிச்சு இழுத்துச் சிரிச்சுதாம். இவளும் கூடச் சிரிச்சாளாம். வீட்டுக்கு வந்து, "அக்கா, குழந்தைக்கு என்ன தெரியும், விளையாட்டுச் சாமான்னு நினைச்சுடுச்சு. காலரை இன்னும் அரை இஞ்ச் ஏத்து" அப்படின்னா. உனக்கு ஒரு குறையும் இல்லை போடின்னு நான் சொன்னேன் சிட்டு. நிறைய தடவை சொன்னேன். "நீ குனிஞ்சே தைக்கிறவ, உனக்கு எங்க தெரியும்" அப்படின்னுட்டா.

மணி வாரியா கேட்ட. எழுதுறேன்.

திங்கட்கிழமை அந்தத் தொங்கின தோலை எடுக்கிற ஆபரேஷன். செவ்வாய் காலையில ஒன்பதரைக்கு வீட்டுக்கு விட்டாங்க. அந்த நர்ஸ் ஒல்லியான பொண்ணு, பேச்சு வேகம். கையில ஒரு தாள் கொடுத்துச்சு. சின்னச் சின்ன எழுத்து. எனக்குப் படிக்க நேரமாகும்மா, வாயால சொல்லுன்னு கேட்டேன். உட்கார்ந்து சொல்லுச்சு. நீலம் கட்டும், பயப்படாதீங்க, ரெண்டு பக்கமும் இருக்கும், கீழ இறங்கும், நெஞ்சு வரைக்கும் கூட இறங்கும், அப்புறம் பச்சையாகி மஞ்சளாகிப் போயிடும்னு சொல்லுச்சு. வேற என்னமோ ஒரு பக்கமா வீங்கினா, இறுகினா அப்படின்னும் சொல்லுச்சு. அதுக்குள்ள உங்கம்மா பக்கத்துல இருந்து, "எங்கக்காவுக்கு இவ்வளவு சொன்னா மண்டையில நிக்காது, ஒரு அடையாளம் போட்டுக் கொடு, அதை விட மாட்டா" அப்படின்னா. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே பாக்கெட்டுல இருந்து நீலப் பேனாவை எடுத்து வலது பக்கம் கோடு போட்டுச்சு. இந்தக் கோட்டைத் தாண்டி வீக்கம் வந்தா உடனே கூப்பிடுங்கன்னு நம்பர் எழுதிக் கொடுத்துச்சு.

பத்தேகாலுக்கு வீடு. தாடையைச் சுத்திக் கட்டின பட்டையைச் சாப்பிடும்போதும் துடைக்கும்போதும் கழட்டலாம்னு சொல்லியிருந்தாங்க. மதியம் கழட்டினேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினோம். "அழகி ஆகப்போறேன்னு சொல்லு" அப்படின்னு உனக்குச் செய்தி போடச் சொன்னா. சாயங்காலம் திரும்ப ஒரு போட்டோ. ராத்திரி தூங்கினா. புதன் காலையில ஈரத்துணியில துடைச்சு விட்டேன். கொஞ்சம் வலிக்குதுன்னா, மாத்திரை கொடுத்தேன். பதினோரு மணிக்குக் குடிச்ச பால்ல பாதியை வச்சுட்டா. மதியம் போட்டோ. நீ பதில் போட்ட. மூணரைக்கு எழுந்து உட்கார்ந்தா. மூச்சு வாங்குதுன்னு கையைக் காட்டினா. பேச வரல. நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. அப்புறம் உனக்கே தெரியும்.

தாள்ல இன்னும் கையெழுத்துப் போடல. பேனா தேடுறேன். வீட்டுல இருந்தது ஒரே நீலப் பேனா. அதை எடுக்கக் கை வரமாட்டேங்குது.

பெரியம்மா

*

ஏப்ரல் 8

பெரியம்மா,

பேனா கடையில் கிடைக்கும்.

விசாரணை முடியும்வரை அந்த நர்ஸை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மருத்துவமனையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதி முடிவு சொல்வார்கள். வீட்டில் அம்மாவோடு இருந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவளுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது. அதுதான் எனக்கு வேண்டும். அவளுக்கு வயது இருபத்தாறாம். இருக்கட்டும். எனக்கும் அம்மா இருந்தாள்.

மணி வாரியாகக் கேட்டேன். எழுதினீர்கள். புதன் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஏதோ விட்டிருக்கிறீர்கள். வேலையில் தினமும் இந்த மாதிரி எழுத்தைப் பார்க்கிறேன், அதனால் தெரிகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறவர்கள் இவ்வளவு சரியாக மணி எழுத மாட்டார்கள்.

தாளை அனுப்புங்கள்.

*

ஏப்ரல் 19

சிட்டுவுக்கு,

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கடிதாசியை எழுத உட்காரும் முன்னாடியே நான் மருத்துவமனைக்குப் போயிட்டு வந்துட்டேன். அங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். உனக்கு எழுதிட்டுப் போகலாம்னு இருந்தா, உன் பதிலுக்குக் காத்திருப்பேன், காத்திருந்தா தைரியம் போயிடும். அதான்.

உன் தாளைக் கையெழுத்துப் போடாமத் திருப்பி வச்சிருக்கேன். அதுல எழுதியிருக்கிறது பொய் சிட்டு. நீ பொய்னு தெரிஞ்சு எழுதல. நான்தான் உன்னைப் பொய் எழுத வச்சேன்.

செவ்வாய் சாயங்காலம் வேர்த்துக் கொட்டுதுன்னா. கழுத்தைத் துடைச்சேன். பேனாக் கோடு ஈரத்துல கலங்கி, பாதி போயிடுச்சு. முப்பத்திரண்டு வருஷமா துணியில கோடு போடுறவ நான். சாக் கோடு அழிஞ்சா உடனே மேல திரும்பப் போட்டுடணும், விட்டா துணியே வீணாயிடும். கை தன்னாலே போகும், யோசிக்காது. அந்த நீலப் பேனாவை எடுத்துக் கோட்டைப் போட்டேன். எங்க போட்டேன்னா, நீலம் எங்க முடியுதோ அங்க. கோடுன்னா ஓரத்துல தானே இருக்கும், துணியில அப்படித்தானே. மிச்சம் கலங்கிக் கிடந்ததை எண்ணெய் தொட்டுச் சுத்தமாத் துடைச்சேன். வேலை நறுவிசா இருக்கணும் எனக்கு. உங்கம்மா கண்ணை மூடிக்கிட்டே, "என்ன, கழுத்தை வெட்டப் போறியா" அப்படின்னு கேட்டுச் சிரிச்சா. சிரிச்சா வலிக்குது, சிரிக்க வைக்காதேன்னு என்னையே திட்டினா.

புதன் காலையிலயும் துடைச்சேன். திரும்ப அழிஞ்சுது. திரும்பப் போட்டேன். அப்பவும் ஓரத்துலதான்.

அப்புறம் நீலம் எப்படிக் கோட்டைத் தாண்டும். அது நகர நகர நான் கோட்டையும் கூடவே நகர்த்திக்கிட்டுப் போயிருக்கேன்.

இது ஒண்ணு. நீ கேட்ட, காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல விட்டது வேற ஒண்ணு.

துடைக்கும்போது கை பட்டுச்சு. இடது பக்கமும் நீலம்தான், ஆனா அழுத்தினா மெத்துன்னு உள்ள போச்சு. வலது பக்கம் போகல. பூ வேலைக்கு வளையத்துல துணியை மாட்டித் திருகை இறுக்கினா எப்படி இருக்கும், விரலால தட்டினா சத்தம் வரும், அந்த மாதிரி இருந்துச்சு. தோல் பளபளன்னு இருந்துச்சு. இந்தக் கைக்கு வேற ஒண்ணும் தெரியாது, துணி எங்க இழுக்குது எங்க தளருதுன்னு தெரியும். தப்பா இருக்குன்னு கை சொல்லுச்சு. "ஏய், இந்தப் பக்கம் இழுத்துக் கட்டின மாதிரி இருக்குடி, அந்தப் பொண்ணைக் கூப்பிடட்டுமா" அப்படின்னு கேட்டேன். "கோட்டைத் தாண்டியிருக்கா" அப்படின்னா. தாண்டலைன்னேன். "அப்ப சும்மா இரு. மனசு கேக்கலைன்னா போட்டோ எடுத்து சிட்டுவுக்கு அனுப்பு. அவ இதைத்தானே நாள் பூராப் பார்க்கிறா" அப்படின்னா.

அனுப்பினோம். கோட்டுக்குள்ளதான் இருக்கு, நார்மல்தான்னு நீ போட்ட. உங்கம்மா எனக்குப் படிச்சுக் காட்டினா. எனக்கு நிம்மதியாப் போச்சு. படிச்ச புள்ளை சொல்லிட்டா, என் விரலுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். நான் உன் மேல பழி போடல. உன்னை நம்பினதைச் சொல்றேன். என் கையை நான் நம்பலைன்னு சொல்றேன்.

மருத்துவமனையில தலைமை நர்ஸ் ஒருத்தங்க. என் வயசு இருக்கும். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கிட்டாங்க. வித்தியாசத்தை எனக்குச் சொல்லுங்கன்னு கேட்டேன், இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, இருந்தாலும் கேட்டேன். கசிஞ்ச ரத்தம் தோலுக்கு அடியில பரவினா அது நீலம், கறை மாதிரிங்க, பரவும், இறங்கும், வெளுக்கும், வலி நாளுக்கு நாள் குறையும்னாங்க. ரத்தம் பரவாம ஒரே இடத்துல சேர்ந்துக்கிட்டே இருந்தா அதுதான் ரத்தக்கட்டு, அது அகலத்தைவிட உயரத்துலதான் காட்டும், ஒரு பக்கமா எழும்பும், தோல் இறுகும், வலி மாத்திரைக்கு அடங்காம ஏறும், குரல் மாறும், முழுங்க முடியாது, கழுத்துல வந்தா மூச்சுக்குழாயை அழுத்திடும்னாங்க. பாலைப் பாதியில வச்சது அதுதான்.

கோட்டை நான் அழிக்காம இருந்திருந்தா அவ இருப்பாளான்னு கேட்டேன். சமாதானம் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். "முன்னாடியே கூப்பிட்டிருப்பீங்கம்மா" அப்படின்னாங்க. அப்புறம், "அந்தக் கோட்டை மட்டும் பெரிசாச் சொல்லியிருக்கக் கூடாது, அது எங்க பக்கத் தப்பு, மத்ததைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கணும்" அப்படின்னாங்க. கோடு கேட்டது உங்கம்மாதான்னு அதையும் சொல்லிட்டேன்.

உனக்கு இனி நான் வேண்டாம்னு தோணலாம். உங்கம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். அதனாலதான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த ஒல்லிப் பொண்ணு வேலைக்குப் போகாம வீட்டுல உட்கார்ந்திருக்குன்னு நீ எழுதினப்புறம் மூட முடியல.

பெரியம்மா

*

ஜூன் 3

பெரியம்மா,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுதினேன், அனுப்பவில்லை. முதல் கடிதத்தில் உங்களைத் திட்டியிருந்தேன். நாலாவதிலும் திட்டியிருந்தேன். அதில் சொன்னது எல்லாம் நியாயம்தான். இருந்தாலும் அனுப்பக் கை வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கு ஆபீசிலேயே மூணாவது போட்டோவைத் திறந்தேன். கார் போட்டோவைப் பார்க்கிற பெரிய திரையில். கைபேசியில் கட்டைவிரல் அளவு இருந்தது அங்கே முகம் அளவுக்கு வந்தது. பெரியம்மா, அதில் மூன்று கோடு இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று. நீங்கள் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. முதல் கோடு லேசாக, அடுத்தது கொஞ்சம் அழுத்தமாக, வெளியே புதுசு. முதல் கோட்டுக்கும் மூணாவதுக்கும் நடுவில் என் ரெண்டு விரல் நுழையும். வலது தாடை இடது தாடையைவிட எழும்பியிருப்பதும் தெரிகிறது. தோலில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது.

யாருடைய காரோ என்றால் பெரிசாக்காமல் ஒரு போட்டோவையும் நான் மூடியதில்லை. அம்மாவை மட்டும் ஒரு மீட்டிங்குக்குள் போகும்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே பார்த்தேன். கோட்டுக்குள் இருக்கிறது, நார்மல். ஒரு கையால் தட்டியது அது.

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாது. புதன்கிழமை நீங்கள் பால் தம்ளரைக் கழுவப் போயிருந்தீர்களாம், அப்போது அம்மா எனக்குக் கூப்பிட்டாள். குரல் கட்டையாக, கரகரவென்று இருந்தது. "யாரு பேசுறது, எங்கம்மாகிட்ட போனைக் குடுங்க சார்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடியே, சிரிக்க வைக்காதே, தொண்டையைப் பிடிக்குது" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நாற்பது நொடி. போனில் இருக்கிறது, நாற்பது நொடி என்று.

அந்தக் குரலைப் பற்றி யாருக்கும் நான் சொல்லவில்லை. புகாரில் எழுதவில்லை. உங்களை மணி வாரியாக எழுதச் சொன்னேன். என் மணியை நான் எழுதவே இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். ஏப்ரல் முப்பதாம் தேதிக்கு முன்னாலேயே மருத்துவமனைக்கும் எழுதினேன். மூன்று கோடு, குரல், எல்லாம். அந்த நர்ஸ் திரும்ப வேலைக்கு வந்துவிட்டாளாம். இனிமேல் வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்கிற தாளில், பேனாக் கோடு அழிந்தால் அதே இடத்தில் போடத் தெரியாவிட்டால் புதுசாகப் போட வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள் என்றும், கோட்டை மட்டும் பார்க்காதீர்கள், ரெண்டு பக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள் என்றும் பெரிய எழுத்தில் சேர்க்கப்போகிறார்களாம். எனக்கு அனுப்பிக் காட்டினார்கள். படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை பெரியம்மா. என்னை முதலில் யாராவது மன்னிக்க வேண்டும், அவள்தான் இல்லையே. ஆனால் உங்களைத் தவிர இதைச் சொல்ல எனக்கும் வேறு யாரும் இல்லை.

அந்தப் பச்சைச் சட்டை இன்னும் மிஷின் மேலேயே இருக்கிறதா?

சிட்டு

*

ஜூன் 16

சிட்டுவுக்கு,

அடியில பேர் போட்டிருந்த. முதல்ல அதைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் படிச்சேன்.

அந்த நாற்பது நொடி எனக்கும் தெரியும். நான் தம்ளரைக் கழுவிட்டுத் திரும்பி வந்தப்ப அவ போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு இருந்தா. "சிட்டு என்னை சார்னு கூப்பிட்டுட்டா" அப்படின்னு சைகையிலயும் வாயிலயுமாச் சொன்னா. கண்ணு ஓரத்துல தண்ணி, சிரிச்சதுல. குரல் மாறினது எனக்கும் கேட்டுச்சு. தூங்கி எழுந்த குரல்னு நினைச்சேன். உனக்கு இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அவ கடைசியாச் சிரிச்சது உன்னாலன்னு நீ தெரிஞ்சுக்கிறது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. ஒளிச்சு வச்சது போதும்னு எழுதிட்டேன்.

அந்த ஒல்லிப் பொண்ணு போன வாரம் வந்துச்சு. படியில நின்னுச்சு, உள்ள வான்னேன். பேச்சு வேகம் போயிடுச்சு. உட்கார்ந்து கட்டிலையும் தலையணையையும் பார்த்துச்சு. திட்டுங்கம்மான்னு கேட்டுச்சு. எனக்கு வரல. டீ போட்டுக் கொடுத்தேன். போகும்போது அந்தத் தலையணையை எடுத்து வெயில்ல போடட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னேன். அப்புறம் கூப்பிட்டு, ஒண்ணை எடு, அடியில இருக்கிறதைன்னேன். ஒண்ணை மட்டும் எடுத்துச்சு.

மிஷினைத் திறந்துட்டேன். கீழ இருந்து சாவிக்காரர், "வந்துட்டீங்களா, இனி ஜோடியாக் கத்தலாம்" அப்படின்னார். ஆனா பழைய வேகம் இல்ல. சாக் கோடு லேசாக் கலைஞ்சாலே கை நின்னுடுது. திரும்பப் போட வரல. டேப்பை எடுத்து முதல்ல இருந்து அளக்குறேன். நாலு சட்டை தைக்கிற நேரத்துல ஒண்ணுதான் முடியுது. வாங்க வர்றவங்க கோவிச்சுக்கிறாங்க. கோவிச்சுக்கட்டும்.

பச்சைச் சட்டை அங்கேயேதான் இருக்கு. நான் தொடல. இந்தக் கடிதாசியில, மன்னிக்க அவதான் இல்லையேன்னு எழுதியிருந்த. எனக்கும் அதேதான். ஒருத்தரை ஒருத்தர் மன்னிக்கிற அளவுக்கு நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணும் மிச்சமில்ல. ஆனா அந்தச் சட்டையை இப்படியே விட முடியாது. உடம்பு அளவு உனக்கும் அவளுக்கும் ஒண்ணுதான், நீ பன்னெண்டாவது படிக்கும்போதே அவ சட்டையை எடுத்துப் போட்டுக்குவ, அதுக்கு ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. கழுத்து அளவுதான் வேணும்.

நீ எழுதி அனுப்பாதே. போட்டோவும் வேண்டாம். வா. எப்ப வர முடியுமோ அப்ப வா. கையால அளவெடுத்துத்தான் வெட்டுவேன். கோடு போடும்போது பக்கத்துல உட்கார்ந்துக்கோ. அழிஞ்சுபோச்சுன்னா, முதல்ல எங்க இருந்துச்சுன்னு நீ சொல்லு.

பெரியம்மா